சிவப்பு இல்லாத ஸ்லைடு

புதிதாக ஒருவரைப் பார்த்தால் எல்லோருடைய கண்ணும் முகத்துக்குப் போகும். என் கண் காதுச் சோணைக்குப் போகும். வேண்டுமென்று செய்வதில்லை. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ முன்னால் இருப்பவரின் சோணை தடித்திருக்கிறதா, பளபளக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் மனசு வேறு வேலைக்கு நகரும். திருவண்ணாமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் பல வருஷம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

நான் அங்கே சேர்ந்தபோது ஊர் மாவட்டத் தலைநகராகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேங்கிக்கால் பக்கம் புதுப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்த கையோடு, ஊர் எல்லையில் தர்மத்துக்கு நடந்துகொண்டிருந்த அந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லேப் என்றால் ஒரே ஓர் அறை. ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே சிமெண்டு மேடை, மேடையில் மைக்ராஸ்கோப். கரண்டை நம்ப முடியாது. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும் கண்ணாடியைத் திருப்பி, வெயிலைப் பிடித்து மேலே அனுப்பித்தான் பார்ப்பேன். மேகம் மூடினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

காய்ச்சல்காரர்களின் ரத்தம், இருமல்காரர்களின் சளி, மழை விட்டதும் மலேரியா என்று வேலை வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு கிருமியையும் கண்டுபிடிக்க ஒவ்வொரு வழி. சிலவற்றைத் தட்டில் தீனி வைத்து வளர்த்துப் பார்க்கலாம். அதற்கு வசதி வேண்டும், வேலூருக்குத்தான் அனுப்ப வேண்டும். டைபாய்டு மாதிரி சிலவற்றுக்கு, நோயாளியின் ரத்தத்தில் தெளிந்த நீரை மருந்தோடு கலந்து, திரிகிறதா என்று பார்த்து ஊகிக்கலாம். சிலவற்றைச் சாயம் ஏற்றி நேரே கண்ணால் பார்த்துவிடலாம். தொழுநோய்க் கிருமி இந்தக் கடைசி வகை. அது எந்தத் தட்டிலும் வளராது. எத்தனையோ பேர் வளர்த்துப் பார்த்துத் தோற்றார்கள் என்று படித்திருந்தேன். பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

அதைப் பார்ப்பதற்கு ஸ்மியர் எடுக்க வேண்டும். காதுச் சோணையை இரண்டு விரலால் ரத்தம் விலகி வெளிறும்வரை இறுக்கிப் பிடித்து, சின்னக் கத்தியால் லேசாகக் கீறி, கத்தியைத் திருப்பி உள்ளே சுரண்டினால், ரத்தமில்லாமல் கொஞ்சம் ஈரம் வரும். அதைக் கண்ணாடி ஸ்லைடில் வட்டமாகத் தடவி, தீயில் காட்டி, மேலே சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே விளக்கைக் காட்டி ஆவி வரும்வரை சுட வைக்க வேண்டும். பிறகு ஆசிட் கலந்த ஸ்பிரிட்டால் கழுவினால் எல்லாச் சிவப்பும் போய்விடும். இந்தக் கிருமியும் காசநோய்க் கிருமியும் மட்டும் சிவப்பை விடாது. கடைசியில் நீலச் சாயம். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி தெரிந்தால் நோய் இருக்கிறது.

இந்த வேலையும் எனக்கு உண்டு என்று தெரிந்த அன்று வீட்டில் சொன்னேன். மறுநாளிலிருந்து பின்கட்டில் ஒரு வாளி வெந்நீர் தயாராக இருந்தது. குளித்துவிட்டுத்தான் சமையல்கட்டுக்குள் வர வேண்டும் என்றார் அம்மா. பெண் பார்க்க வந்தவர்களிடம், ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற வேலை என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் முதல் சில மாதம் நானுமே ஸ்மியர் எடுத்த கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். படித்தது மூளையில் இருந்தது. பயம் வேறு எங்கோ இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தையல் அக்கா வந்தார்.

அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். அடி அண்ணாமலையில் வீடு. புருஷன் கிரிவலப் பாதையில் தேங்காய், பழம், கற்பூரம், சோடா விற்கிற கடை வைத்திருந்தார். அக்கா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. தைத்த துணியைத் தேய்க்கும்போது கரிப்பெட்டி விரலில் பட்டு, தோல் வெந்து, வாடை வந்த பிறகுதான் கீழே பார்த்திருக்கிறார். வலியே இல்லை. அந்தப் புண்ணுக்கு மருந்து போட வந்தவரின் காதைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

எங்கள் டாக்டர் இளைஞர். கம்மியாகப் பேசுவார். அனுப்பும்போது, "பாத்துட்டு எங்கிட்ட சொல்லுங்க, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். முடிவை நோயாளியிடம் லேபில் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

கீறும்போது அக்கா முகம் சுளிக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். கிள்ளுகிற மாதிரி கூட இல்லை என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதே தவறோ என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சாயம் ஏற்றி, காய வைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு லென்ஸை இறக்கினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் சிவப்பு. தனித்தனியாக, கட்டுக் கட்டாக, கொத்தாக. படிப்பில் பார்த்த ஸ்லைடுகளில்கூட இத்தனை இருந்ததில்லை. ஜன்னல் வழியே பெஞ்சு தெரிந்தது. அக்கா ஒரு ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, என்ன நோய், என்ன மருந்து, எத்தனை காலம் சாப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். நான் ஸ்லைடோடு ஓரமாக நின்றிருந்தேன். அக்கா அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"அதை நான் பாக்கலாமாங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. லேபுக்குக் கூட்டிப் போய் ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தெளிவாகத் தெரியும்வரை திருகைத் திருப்பிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அசையலையே சிஸ்டர்" என்றார். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லோருமே சிஸ்டர்தான்.

"சாயம் போட்டா அசையாதுக்கா."

"நீலத் துணி மேல சிவப்பு நூலைப் பொடியா வெட்டிப் போட்டாப்ல இருக்குது." கண்ணை எடுக்காமலே சொன்னார். "இவ்ளோ ஜாஸ்தியா உள்ள இருக்குது எனக்கு?"

ஏன் பார்க்க ஆசைப்பட்டார் என்று ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். பேரைக் கேட்டால் பயமாக இருந்தது, ஆளைப் பார்த்ததும் பயம் கொஞ்சம் கம்மியாகிவிட்டது என்றார்.

வீட்டில் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கே புருஷனிடம் சொல்லிவிட்டார். அவரையும் குழந்தையையும் ஒருமுறை கூட்டிவரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கூட இருப்பவர்களையும் பார்த்துவிடுவது நல்லது என்பதற்காக. அவர்கள் வரவில்லை. அடுத்த மாதம் மாத்திரைக்கு அக்கா மட்டும்தான் வந்தார். மாட்டு வண்டியில் தையல் மெஷினை ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்றும், டவுனில் ஒரு அறை பார்த்துக்கொண்டு இருப்பதாகவும் சொன்னார். குழந்தை அங்கேயே இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் பௌர்ணமிக்கு வருகிற ஜனம் தன் கடையில் ஒரு பழம்கூட வாங்காது என்று புருஷன் சொன்னாராம். மாமனார்தான் வண்டியில் மெஷினைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாராம்.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குதுங்க. நானா இருந்தா வாங்குவனா?" என்றார் அக்கா. எனக்கு எங்கள் வீட்டு வெந்நீர் வாளி ஞாபகம் வந்தது.

மருந்து கடுமை. முதல் நாள் மாத்திரையில் சிறுநீர் சிவப்பாகப் போகும்; அதை முன்னாலேயே சொல்லிவிடுவோம். இன்னொரு மாத்திரை தோலைக் கறுக்க வைக்கும். மாநிறமாக இருந்த அக்கா சில மாதத்தில் செம்பு கலந்த கறுப்பாக மாறினார். நோய் தந்ததைவிட மருந்து தந்த நிறம்தான் ஊருக்குக் கண்ணில் பட்டது. துணி கொடுக்க வருகிற பெண்கள் குறைந்தார்கள். நிறுத்திவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். நிறுத்தினால் கை போய்விடும் என்று டாக்டர் சொன்னார். தையல்காரிக்குக் கை போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. நிறுத்தவில்லை. இரண்டு விரல் அதற்குள் கொஞ்சம் மடங்கத் தொடங்கியிருந்தது. தினமும் எண்ணெய் தடவி விரலை நீட்டி மடக்கச் சொல்லியிருந்தோம். அதையும் விடாமல் செய்தார்.

சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்மியர் எடுப்பேன். மருந்து வேலை செய்வதை அந்த ஸ்லைடுகளில்தான் பார்த்தேன். முதலில் குச்சிகள் முழுசாக, ஒரே சீராகச் சிவப்பேறி இருந்தன. பிறகு நடு நடுவே இற்றுப்போய், துண்டு துண்டாக, அப்புறம் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தன. அப்படி உடைந்தவை செத்த கிருமிகள். செத்தவையும் சாயத்தை விடுவதில்லை. உடம்பும் அவற்றைச் சீக்கிரம் கரைப்பதில்லை. வருஷக்கணக்கில் கிடக்கும்.

இதனால் ஒரு சங்கடம் வந்தது. முதல் சில மாத்திரைகளுக்குப் பிறகே அக்காவிடமிருந்து யாருக்கும் நோய் ஒட்டாது என்பது டாக்டருக்கு நிச்சயம். அதை அடி அண்ணாமலைக்குச் சொல்லியும் அனுப்பினார். ஆனால் ஸ்லைடில் சிவப்பு தெரிகிறவரை, கிருமி உண்டு என்றுதான் நான் சொல்ல முடியும். செத்தது எவ்வளவு, உயிரோடு இருப்பது எவ்வளவு என்று நான் தனியாகச் சொன்னாலும், கேட்பவர் காதில் 'உண்டு' மட்டும்தான் விழும். புருஷனிடமிருந்து பதில் வந்தது: லேபிலேயே இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள்? அது போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நான் பொய் சொல்லவில்லை. டாக்டரும் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைக்கும் நடுவில் அந்தக் குழந்தை தாயில்லாமல் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அக்கா தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வருவார். கிட்டே போவதில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தந்தார். நான் போட்டுக்கொண்டதைப் பார்த்த அம்மா, பொருத்தமாக இருக்கிறதே, யார் தைத்தது என்று கேட்டார். சொன்னேன். அம்மா முகம் மாறியது. கழற்று என்று சொல்லவில்லை. மறுநாள் அதைத் தனியாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதில் சாயம் போய்விட்டது. வெளுத்துப்போன அந்த ஜாக்கெட்டையே நான் வாரத்துக்கு ஒருதரம் போட்டுக்கொண்டு திரிந்தேன். சில மாதம் போனபின் அம்மா தானாகவே கேட்டார்: "அந்தப் பொண்ணு கை இப்ப எப்படி இருக்குது?" வாளி எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் கவனித்தபோது இல்லை.

ஸ்லைடில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. நாலாவது வருஷம் ஒரு காலை, வெயில் நன்றாக இருந்த நாள், அக்காவின் ஸ்லைடை வைத்துப் பார்த்தேன். நீலம். நகர்த்தினேன். நீலம். இருக்கிறது என்று சொல்வது சுலபம். ஒன்றைப் பார்த்தால் போதும். இல்லை என்று சொல்ல, ஸ்லைடு முழுக்க இஞ்ச் இஞ்சாகப் போக வேண்டும். இன்னும் ஒரு இடம், இன்னும் ஒரு இடம் என்று கண் வலிக்கிறவரை தேடினேன். மறு காது, நெற்றி, முழங்கை, எல்லாவற்றிலும் நீலம்தான். டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவரும் வந்து தன் கண்ணால் பார்த்துவிட்டு, "சொல்லிடுங்க, நீங்களே சொல்லுங்க" என்றார். வழக்கத்தை அன்றைக்கு ஒருநாள் மாற்றினார்.

அக்கா இந்த முறையும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார். "வெறும் துணி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதுவரை அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

செய்தி போனதும் புருஷனும் மாமனாரும் வந்தார்கள். புருஷன் வெள்ளை வேட்டி, விபூதி. பார்க்க லட்சணமான மனுஷன். மாமனார் விவசாயி, மெலிந்த உடம்பு, கையில் மஞ்சள் பை. வீட்டில் சோறு பொங்க ஆளில்லை, குழந்தை கேட்கிறது, கூட்டிப்போகிறேன் என்று புருஷன் டாக்டரிடம் சொன்னார். அவர் முரட்டு ஆள் இல்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார். நிஜமாகவே போய்விட்டதா என்று இரண்டு மூன்று தரம் கேட்டார்.

"நீங்களே வந்து பாருங்க" என்றார் அக்கா.

எல்லோரும் என் அறைக்கு வந்தார்கள். ஸ்லைடு வைத்தபடியே இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, சரியாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து இடம் விட்டார். புருஷன் உட்கார்ந்தார். குனிந்தவர், பாதியில் நின்றார். மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அக்கா கண் வைத்த இடத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்துவிட்டு, இன்னொரு முறை. கைக்குட்டையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் மேல் வைத்தார்.

டாக்டர் தரையைப் பார்த்தார்.

அக்கா மெதுவாகத்தான் சொன்னார். "நீங்க பாக்க வேணாங்க. எழுந்திருங்க."

"இல்ல, தூசு இருக்குதுன்னு..." என்றார் புருஷன்.

"தூசு இல்ல. உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. பயம் உங்க கையில இருக்குது, அதை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. நான் வந்தா தினமும் டம்ளரைத் துடைப்பீங்க, பாயைத் துடைப்பீங்க. நானும் பாத்துகிட்டே இருக்கணும். நான் வரலை. எம் பொண்ணை மட்டும் எங்கிட்ட அனுப்புங்க."

புருஷன் எழுந்து வெளியே போய்விட்டார். மாமனார் போகவில்லை. நின்றபடியே இருந்தவர், பையை என் மேடையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை வைத்தார். துடைக்கவில்லை. எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றி மூடினார்.

"நீலமா இருக்குதும்மா."

"அவ்ளோதாங்க இருக்கணும்" என்றேன்.

"கிருமி இருந்தா எப்படித் தெரியும்?"

பாடத்துக்காக வைத்திருந்த பழைய ஸ்லைடு ஒன்றை மாற்றி வைத்தேன். பார்த்தார். மறுபடி அக்காவுடையதைக் கேட்டார். வயலில் களை எடுத்த பிறகு வரப்பில் நின்று பார்க்கிறவர் மாதிரி அவசரமில்லாமல் பார்த்தார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு, "பொண்ணை நான் கூட்டினு வரேன்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

சொன்னபடி கூட்டிவந்தார். அப்போது அதற்கு ஏழு வயது ஆகியிருந்தது. அம்மாவைப் பார்த்துத் தாத்தாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்தது. அக்கா கூப்பிடவில்லை, வெட்டுத்துணியில் செய்த ஒரு பொம்மையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். டாக்டர் குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து உடம்பெல்லாம் பார்த்தார். தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் நிறுத்தினார். எட்டணா அளவுக்கு ஒரு வெளிறிய படை.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. ஸ்மியர் எடுக்கச் சொன்னார் டாக்டர். அந்தச் சின்னச் சோணையைப் பிடித்துக் கீறினேன். குழந்தை வலியில் கத்தியது. அந்தக் கத்தல் எனக்கு ஆறுதலாக இருந்தது. படையிலிருந்தும் எடுத்தேன். சாயம் ஏற்றினேன், கழுவினேன், பார்த்தேன். நீலம். அன்று தேடியதைப் போல நான் எந்த ஸ்லைடிலும் தேடியதில்லை. ஒன்றுமே இல்லை.

வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். அக்கா எழுந்து நின்றார்.

"சிஸ்டர், இந்த 'இல்ல'யும் எனக்குச் சொன்ன 'இல்ல'யும் ஒண்ணுதானா?"

இத்தனை வருஷ வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் சரியான கேள்வி அதுதான். ஒன்று இல்லை. ஆரம்ப நிலையில், ஒரே ஒரு படை மட்டும் இருக்கும்போது, நோய் இருந்தாலும் ஸ்லைடில் கிருமி சிக்காமல் போகலாம். அத்தனை கம்மியாக இருக்கும். பார்க்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. அக்காவுக்கு முன்பு அத்தனை இருந்து, அது படிப்படியாகக் குறைந்து போனதை நான் பார்த்தேன். இந்தக் குழந்தையிடம் அப்படி எதையும் பார்க்கவில்லை. ஆம் என்று சொல்லிவிடத்தான் நாக்கு வந்தது. ஆனால் ஸ்லைடைத் தன் கண்ணால் பார்த்த ஆளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"இல்லக்கா. இதுக்கு மைக்ராஸ்கோப் மட்டும் போதாது. டாக்டர் இன்னொண்ணு பாப்பாரு."

டாக்டர் பஞ்சைப் பிய்த்து நுனியை நூலாகத் திரித்தார். குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு படுகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். விளையாட்டுப் போல ஆரம்பித்தார். கை, கழுத்து, முதுகு என்று தொட்டுக்கொண்டே போய், சொல்லாமல் படையின் நடுவில் தொட்டார். குழந்தை சட்டென்று கையை வளைத்து அதே இடத்தைத் தொட்டது. மறுபடி. மறுபடியும் தொட்டது. கூச்சத்தில் சிரித்தது.

உணர்ச்சி இருக்கிறது, சாதாரணத் தேமலாகத்தான் இருக்கும், எதற்கும் சில மாதம் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நோய் என்று சொன்னபோதும் வண்டியில் ஏற்றி அனுப்பியபோதும் அழாதவர். குழந்தை பொம்மையை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பஞ்சை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய், கண்ணை மூடச் சொன்னது. அக்கா மூடினார். அவருடைய முழங்கையில், புறங்கையில் எல்லாம் பஞ்சால் தொட்டது. அந்த இடங்களில் பாதியில் அவருக்கு உணர்ச்சி கிடையாது. அவரோ தொட்ட இடத்தை விட்டுவிட்டு வேறு எங்கேயோ காட்டினார். தப்பு, தப்பு என்று அது சந்தோஷப்பட்டது.

தேமல் அந்தக் கோடையிலேயே மறைந்துவிட்டது. அதற்குள் தாத்தா லீவு நாளில் பேத்தியைக் கூட்டிவருவது வழக்கமாகியிருந்தது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு, தாத்தா பேத்தியைப் புத்தகப் பையும் துணிமூட்டையுமாகக் கொண்டுவந்து அக்காவிடமே விட்டுவிட்டார். மருந்து நின்றதும் அக்காவின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்து, அங்கே வந்து தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பருத்தித் துணியில் தொளதொளவென்று சட்டையும் பைஜாமாவும் தைக்க ஆரம்பித்தார். மடங்கிய இரண்டு விரலைப் பற்றி அவர்கள் ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்வார். அளவு சொல்வதற்கு வேண்டிய இங்கிலீஷ் மட்டும் அவருக்கு வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் லேபும் மாறியது. கரண்டில் எரிகிற மைக்ராஸ்கோப் வந்தது, காய்ச்சலுக்கு அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு பார்க்கிற முறை வந்தது. ஸ்மியருக்கு வருகிறவர்கள் அபூர்வமானார்கள். டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். நான் கல்யாணமாகி, குழந்தை பெற்று, அதே அறையில் இருந்தேன்.

அக்காவின் மாமனார் இறந்தது தீபத்துக்கு முந்தின வாரம். சேதி வந்ததும் அக்கா என்னிடம்தான் வந்தார்; தனியாகப் போக மனசில்லை. பெண் காலேஜிலிருந்து நேரே வந்து சேர்ந்துகொண்டாள். மூன்று பேருமாக ஷேர் ஆட்டோவில் போனோம்.

பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் நாங்கள் போனதும் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். எதற்காக நகர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா உட்கார்ந்து பெரியவரின் காலைத் தொட்டார். புருஷன் தலை நரைத்துப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் கிட்ட வந்தார், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண் என்ன படிக்கிறாள் என்று அக்காவிடம் கேட்டார். பெண் பக்கத்தில்தான் நின்றாள். பி.காம். என்று அவளே சொன்னாள்.

கிளம்புகிற நேரத்தில், இனியாவது ஒருதரம் வந்து ஸ்மியர் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று அவரிடம் நான் மெதுவாகச் சொன்னேன். வருகிறேன் என்று தலையாட்டினார். இதுவரை வரவில்லை.

திரும்பி வரும்போது அக்கா, பெரியவர் தன் தையல் கடைக்கு வந்துபோனதைச் சொன்னார். தனக்கும் ஒரு வெள்ளைக்காரச் சட்டை வேண்டும், காற்றோட்டமாக இருக்கிறது என்று கேட்டாராம். அக்கா தைத்துக் கொடுத்தாராம். போட்டுக்கொண்டு ஊருக்குள் போனால் சிரிப்பார்கள் என்று, வருகிற போதெல்லாம் பெரியவர் கடையிலேயே போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டுப் போவாராம். அந்தச் சட்டை இன்னும் கடையில்தான் இருக்கிறதாம்.

"அதை என்ன பண்றதுன்னு தெரியலை" என்றார்.

பெண், தான் போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். பெரிசாக இருக்குமே என்றார் அக்கா. பிடித்துத் தைத்துக் கொடு என்றாள் பெண். வேண்டாம், தைக்காமல் அப்படியே போட்டுக்கோ என்றார் அக்கா. செங்கம் ரோட்டில் இறங்கி, வாடகையை நான் கொடுப்பதற்குள் இரண்டு பேரும் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். தீபத்துக்கு வந்த கூட்டம் ரோடு முழுக்க இருந்தது.